திங்கட்கிழமை இடி விழாது

இடி இயற்கையுடையது, மழை வாரியத்துடையது. எங்கள் அலுவலகத்தின் நிலைப்பாடு இதுதான். எழுத்தில் எங்கேயும் கிடையாது, ஆனாலும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். கண்மாய் நிரம்பினால் மந்திரி வந்து வாரியத்தின் சாதனை என்று பூத் தூவுவார். அதே மேகத்திலிருந்து இடி விழுந்து ஆடு மேய்த்த ஆள் செத்துப்போனால் அது வேறு துறை.

என் பெயர் செண்பகவல்லி. மாநில மழை வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளர். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்பார்கள். அந்த வாய்க்காகத்தான் என்னைத் தலைமையகத்திலிருந்து தூக்கிச் சவேரியார்துறையில் போட்டார்கள். இராமநாதபுரம் பக்கம் கடற்கரையில் இருக்கும் மீனவர் ஊர் அது. எங்கள் கட்டுப்பாட்டு அறை அங்கே ஒரு பழைய ஐஸ் பாக்டரிக் கட்டடத்தில் இருந்தது. வானத்தில் ஐஸ் செய்கிற அலுவலகத்துக்கு இந்தக் கட்டடம் பொருத்தம்தான் என்று வந்த அன்றைக்கே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வேலை பெரிய வேலை ஒன்றும் இல்லை. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருபத்து நான்கு நுரை மிதவைகள் நங்கூரம் போட்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு வேன் அளவு. கடலின் மேல்தண்ணீரை உறிஞ்சி, காற்றைக் கலந்து, நுரையாக்கித் துப்பிக்கொண்டே இருக்கும். அந்த நுரை எதற்கு என்று பொதுமக்களுக்குப் புரியவைக்க வாரியம் நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு அச்சடித்திருந்தது. எனக்குத் தெரிந்து அதைப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான், அவரும் அதைப் படிக்கவில்லை.

அவர் பெயர் இருளாயி. கடலிலிருந்து அறுபது கிலோமீட்டர் உள்ளே, நெடுங்கிடை என்கிற ஊரில் அவரும் அவர் வீட்டுக்காரர் சேவுகனும் நூற்றுச் சொச்சம் ஆடு வைத்து மேய்த்தார்கள். எங்கள் மழைமானி அவர்கள் வீட்டு முன்னால்தான் இருந்தது. தானாக அளக்கிற கருவிகளைத்தான் முதலில் வைத்தோம். எல்லாம் இடியில் கருகிப்போனதால் இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டிலிருந்து மனிதர்களை வைத்து அளக்க ஆரம்பித்தோம். தினமும் காலை எட்டரைக்கு இருளாயி எனக்குப் போன் செய்து எத்தனை மில்லி என்று சொல்வார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் அக்கா என்பேன். அவர் என்னை எஞ்சினியரம்மா என்பார்.

மழைமானியை நட்ட அன்றைக்கு அவர் கேட்டார், “கடல்ல இருந்து மேல என்னத்தம்மா அனுப்புறீக? உப்பா?”

“உப்பு இல்லக்கா. கடல் மேல மெல்லிசா ஒரு ஆடை படிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசி, அது செத்து மக்குனது, அதோட வழவழப்பு எல்லாம் சேந்தது. அதை நுரையாக்கி விட்டா, நுரை உடையறப்ப பொடிப்பொடியாத் தெறிச்சுக் காத்தோட மேல போயிரும்.”

“போயி?”

“மேகத்துல இருக்கிற தண்ணி லேசுல உறையாது. நம்ம ஐஸ்பெட்டியவிடக் குளிருல கிடந்தாலும் தண்ணியாவேதான் நிக்கும். உறையறதுக்கு ஒரு பிடிமானம் வேணும். இந்தப் பொடிதான் பிடிமானம். ஒரு துளி உறைஞ்சிட்டா, சுத்தி இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துப் பெருசாகிக் கீழ வரும். வர்ற வழியில உருகி மழையாயிரும்.”

இருளாயி யோசித்தார். “பாலுக்குப் பிரை ஊத்துற மாதிரி.”

“அதேதான்” என்றேன். நாற்பது பக்கக் கையேட்டின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அன்றைக்கே போயிற்று.

திட்டம் தொடங்கியபோது சவேரியார்துறைக்காரர்கள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். ஒன்று, மிதவைகள் அவர்கள் வலை விரிக்கிற இடத்தில் நிற்பதால் இனிமேல் தூரம் போகவேண்டும், அதற்கு வேகமான படகு வேண்டும். வாரியம் இருநூற்றுப் பன்னிரண்டு படகு கொடுத்தது. தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி ஓடுகிற புது வகை எஞ்சின். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மிதவைகள் ஓடக்கூடாது. ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர் அது. பூசைக்குப் போவார்கள், கிழிந்த வலை பொத்துவார்கள், கறி சமைப்பார்கள், சண்டை போடுவார்கள். போனால் எல்லாப் படகும் போகும், இல்லையென்றால் ஒரு படகும் போகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. “நாங்க ஓஞ்சிருக்கிற நாள்ல கடலு மட்டும் எதுக்கு வேல செய்யணும்?” என்று ஊர்க் கமிட்டித் தலைவர் ரெமிஜியுஸ் கேட்டாராம். பதில் சொல்லத் தெரியாமல் வாரியம் கையெழுத்துப் போட்டது.

ஞாயிறு காலையில் கடலிலிருந்து கிளம்புகிற பொடி திங்கள் மதியம்தான் நெடுங்கிடைப் பக்கத்து மேகங்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே திங்கட்கிழமை மழை குறைச்சல். இது எங்களுக்குத் தெரியும். இன்னொன்று இருளாயி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

“திங்கக்கெழம இடி விழறதில்ல, கவனிச்சீகளா?” என்றார் ஒருநாள் போனில். “மத்த நாளு மேகம் கருக்குனா ஆட்டப் பத்திக்கிட்டு ஓடியாந்துருவோம். திங்கக்கெழம மட்டும் வெட்டவெளிப் பொட்டல் வரைக்கும் போவோம். அங்கனதான் புல்லு நல்லாருக்கு. ஒதுங்க ஒரு மரம் கிடையாதுல்ல, அதான் மத்த நாள் போறதில்ல.”

நான் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் அந்தத் தாலுகாவில் இடி விழுந்து செத்தவர்கள் பத்தொன்பது பேர். ஞாயிறு உண்டு, செவ்வாய் உண்டு, தீபாவளி அன்றைக்குக்கூட ஒருத்தர் உண்டு. திங்கட்கிழமை ஒருத்தரும் இல்லை. காரணம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மேகத்துக்குள் ஐஸும் ஐஸும் மோதி உரசித்தான் மின்னல் பிறக்கிறது. ஐஸ் இல்லாத மேகம் சாதுவான மேகம். நாங்கள் வாரத்தில் ஆறு நாள் மழையோடு சேர்த்து இடியும் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஏழாவது நாள் லீவு விட்டோம்.

புரட்டாசியில் தலைமைப் பொறியாளர் புவனேந்திரன் திரையில் வந்தார். நல்ல மனிதர்தான். யாரையும் கடிந்து பேசமாட்டார், யார் பேசுவதையும் கேட்கவும் மாட்டார்.

“நீர்த்தேக்கம் அறுபத்திரண்டு சதவீதத்துல நிக்குது, செண்பகவல்லி. நாலு டவுனுக்குக் குடிதண்ணி. ஏழுல ஒரு நாள் இருபத்து நாலு மிதவையும் சும்மா கிடக்கு. நாலே வாரம், ஞாயிறும் ஓட்டுங்க.”

“சார், திங்கட்கிழமைதான் இடியில்லாத நாள். அந்த நாளை நம்பித்தான் ஆட்டுக்காரங்க வெட்டவெளிக்குப் போறாங்க. ஆறு வருஷத்துல பத்தொன்பது பேர் செத்திருக்காங்க, ஒருத்தர்கூடத் திங்கள்ல இல்ல.”

“தற்செயலா இருக்கலாம்.”

“கணக்குப் போட்டேன் சார். தற்செயலா இப்படி வர்றதுக்கு இருபதுல ஒரு வாய்ப்புதான் இருக்கு.”

“இருக்குல்ல?” என்றார். “அப்புறம், இடி இயற்கை.”

“பஞ்சாயத்துல சொல்லி, திங்கட்கிழமை வெளிய போகாதீங்கன்னு தண்டோராவாவது போடலாம் சார்.”

“போட்டா, இத்தனை நாள் நம்மாலதான் விழுந்துச்சுன்னு ஆயிடும்.” சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு நானும் எழுந்தேன்.

எனக்கு ஒரே நம்பிக்கை ஊர்க்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள் என்று நினைத்தேன். வாரியத்தின் கடிதத்தை, ஊர்ச் சிலுவை நிற்கிற குருசடி முன்னால் கூட்டம் போட்டு ரெமிஜியுஸ் வாசித்தார். நான் ஓரமாக ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, யார் முதலில் கத்தப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் கத்தவில்லை.

“குடிக்கத் தண்ணி இல்லைங்குறாக” என்றார் ரெமிஜியுஸ். “தாகத்துக்குன்னு கேட்டா ஞாயித்துக்கெழமைன்னு சொல்லி இல்லேங்க முடியுமா? நாலு வாரந்தான?”

கூட்டம் தலையாட்டியது. நல்லவர்கள் இப்படித்தான் நேரம் கெட்ட நேரத்தில் நல்லவர்களாக இருந்து தொலைப்பார்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமில்லை.

ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் செய்த முதல் திருட்டு வேலை. மிதவையில் தண்ணீர் உறிஞ்சுகிற மோட்டார் தனி, காற்றுக் கலக்கிற வால்வு தனி. தலைமையகத்துத் திரையில் தெரிவது மோட்டார் ஓடுகிறதா, மின்சாரம் எவ்வளவு ஆகிறது என்பது மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் பராமரிப்பு என்று சொல்லிப் படகில் போய், இருபத்து நான்கு வால்வையும் கையால் அடைத்தேன். ஞாயிறு காலையில் மோட்டார்களை ஓட விட்டேன். உறுமல் கரை வரைக்கும் கேட்டது. தண்ணீர் உள்ளே போய் அப்படியே வெளியே வந்தது. ஒரு குமிழி நுரை இல்லை. புவனேந்திரன் திரையில் இருபத்து நான்கு பச்சை விளக்குகள்.

காலைப் பூசையிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. பூசை முடிந்து வந்தவர்கள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாளை மீன் கூட்டம் கூட்டமாக வந்திருந்த வாரம் அது. ஒருத்தர் சொன்னாராம், “கடலே வேல செய்யுது, நம்ம என்னத்துக்குப் படுத்துக்கெடக்கணும்?” அவ்வளவுதான். போனால் எல்லாப் படகும் என்பது கட்டுப்பாடு. பத்து மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படகும் இறங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரை காலியாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்க ஒருமாதிரி இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் படகுகள் திரும்பியதும் நானும் ஒரு கிலோ சாளை வாங்கிக் குழம்பு வைத்தேன்.

குழம்பு கொதிக்கும்போது இருளாயி போன் செய்தார். அவர் சாயங்காலம் கூப்பிடுகிற வழக்கமில்லை.

“எஞ்சினியரம்மா, ஞாயித்துக்கெழமயும் மிஷினு ஓட்டுறாகன்னு செய்தியில சொன்னானாம். எங்க வீட்டுக்காரரு நாளைக்குப் பொட்டலுக்குப் போறேங்குறாரு. போகவா வேண்டாமா?”

“தாராளமாப் போகச் சொல்லுங்கக்கா” என்றேன். “நாளைக்கு இடி விழாது.”

“செய்தியில…”

“செய்திய விடுங்க. நான் சொல்றேன்ல.”

“நீங்க சொன்னாச் சரிதாம்மா” என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மனுஷியாக நின்று ஒரு நாளையே காப்பாற்றிவிட்டேன் என்று சாளைக் குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் மூன்று நாற்பதுக்கு நெடுங்கிடைப் பக்கம் மின்னல் பதிவுக் கருவியில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்று இல்லை. அரை மணி நேரத்தில் நூற்றுப் பதினாறு. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதுவேதான் காட்டியது. இருளாயிக்குப் போன் செய்தேன், போகவில்லை. செல்போன் கோபுரம் விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவரே கூப்பிட்டார். யார் போனிலிருந்தோ.

“நெடுங்கிடை. முப்பத்தெட்டு புள்ளி நாலு” என்றார்.

நான் எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகுதான் குரல் உறைத்தது. “அக்கா?”

“அவரு போயிட்டாரும்மா. பதினோரு ஆடும் போச்சு. ரெண்டு மணிக்கு எடுக்குறோம்.”

நான் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களோடு உட்கார்ந்தேன். இருளாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். நான் போகச் சொன்னதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார். திங்கட்கிழமை மழைத் தண்ணீர். அளந்த தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துவைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வீட்டில் பிணத்தைப் போட்டுக்கொண்டு அந்த விதியையும் அவர் காப்பாற்றியிருந்தார். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன்.

ஐஸ் பாக்டரியில் ஒரு சின்னக் குளிர்த்தட்டு இருக்கிறது. அதன்மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வைத்து, எந்தக் குளிரில் உறைகிறது என்று பார்ப்போம். வெறும் தண்ணீர் மைனஸ் இருபதைத் தாண்டியும் உறையாமல் அடம்பிடிக்கும். கடல் ஆடையின் பொடி இருந்தால் மைனஸ் எட்டு, ஒன்பதிலேயே வெள்ளையாகிவிடும். மறுநாள் விடியலில் நாற்பத்தெட்டுச் சொட்டு வைத்தேன். மைனஸ் ஒன்பதுக்குள் நாற்பத்தொன்று உறைந்தது. ஆறு வருஷத்தில் நான் பார்த்ததிலேயே அதிகம்.

நுரையே வராத ஞாயிற்றுக்கிழமைக்கு இது எங்கிருந்து வந்தது? ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன். காலைப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் வெள்ளையாக நுரை, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும். ஆறு வருஷமாக அதே ஜன்னலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிற எஞ்சின். இருநூற்றுப் பன்னிரண்டு. நாங்களே வாங்கிக் கொடுத்தது.

சந்தேகத்துக்கு இன்னொரு சோதனை செய்தேன். புதன்கிழமை முழுக்க வால்வுகளைத் திறக்காமலே விட்டேன், படகுகள் வழக்கம்போலப் போயின. வியாழக்கிழமை மழையில் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆக, எங்கள் இருபத்து நான்கு மிதவைகளும் ஆறு வருஷமாகச் செய்துவந்தது சத்தம் மட்டும்தான். மழையைக் கொண்டுவந்தது நஷ்டஈடாகக் கொடுத்த படகு. திங்கட்கிழமையைக் காத்தது எங்கள் லீவு இல்லை, அவர்கள் லீவு. நான் போட்ட பொய்ச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ரெமிஜியுஸிடம் சொல்லி ஊரைக் கூட்டச் சொன்னேன். நாளைக்கும் கடலுக்குப் போவதென்று எல்லோரும் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

“போன ஞாயித்துக்கெழம மிஷின் ஓடல” என்றேன்.

“சத்தம் கேட்டுச்சேம்மா” என்றார் ஒருத்தர்.

“சத்தம் மட்டுந்தான். நுரை வரக்கூடாதுன்னு நான்தான் வால்வை அடைச்சேன். யாருக்கும் சொல்லல.” பிறகு மற்றதையும் சொன்னேன். நுரை, பொடி, ஐஸ், இடி, படகு, பொட்டல், சேவுகன். சொல்லிமுடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

பின்னாலிருந்து தெக்லா என்ற பெண் கத்தினார். “எங்கள எதுக்கும்மா ஏமாத்துன? எங்ககிட்ட வந்து ஓட்ட வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்க கேட்டிருக்க மாட்டமா?”

கேட்டிருப்பார்கள். எனக்குத் தோன்றவேயில்லை. அரசாங்கக் கடிதத்தை எதிர்த்து ஊரிடம் போய்ப் பேசுவது என்பது என் மண்டையில் எந்த மூலையிலும் இல்லை. மேலே சரி என்று சொல்லிவிட்டு, கீழே வேறு மாதிரி செய்வதுதான் நான் படித்த நிர்வாகம். “தப்புதான்” என்றேன்.

ரெமிஜியுஸ் முன்னால் வந்தார். அறுபத்தைந்து வயது மனிதர், பேசுவதற்கு முன்னால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மடித்துக்கொள்வார். மடித்தார்.

“அப்ப ஞாயித்துக்கெழம கடலுக்குப் போனது நாங்க மட்டுந்தானா?”

“ஆமாண்ணே.”

கூட்டத்தில் ஒருத்தர் ஐஸ் பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தார், ஐஸ் உருகி ஓடியது.

“அந்த மனுசன் பேரு என்ன சொன்னீக?”

“சேவுகன்.”

மறுநாள் ஒரு படகு இறங்கவில்லை. காலைப் பூசையில் சேவுகன் பேரைச் சொல்லி மன்றாடினார்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை தாண்டாத வாசல் அது. அதற்கு அடுத்த ஞாயிறும் இறங்கவில்லை, அதற்கு அடுத்ததும். சாளை அந்த மூன்று வாரமும் கரைக்குப் பக்கத்திலேயே மினுங்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்து ஊர்த் துடுப்பு வள்ளங்கள் வந்து அள்ளிக்கொண்டு போயின. இவர்கள் வலையை மடியில் போட்டுப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வால்வுகளைத் திறந்து வைத்தேன். இனிமேல் திருட்டுக்கு அவசியமில்லை. மிதவைகள் ஞாயிறுதோறும் முழு மூச்சாக நுரை தள்ளின. திங்கள்தோறும் வானம் சாதுவாக இருந்தது. புவனேந்திரன் திரையில் வந்தார்.

“முதல் ஞாயிறு பிரமாதமா வந்துச்சு. அப்புறம் மூணு வாரமும் ஒண்ணுமே இல்ல. ஏன்?”

“பார்த்துட்டு இருக்கேன் சார்.”

“எழுத்துல குடுங்க.”

படகு என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். அடுத்த மாதமே படகுகள் வாரியத்துக்குச் சொந்தமாகியிருக்கும். வாரத்தில் ஏழு நாளும், மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இத்தனை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கும். “காரணம் தெரியவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ காரணங்களை இட்டுக்கட்டி எழுதியிருக்கிறேன். தெரிந்த காரணத்தைத் தெரியாது என்று எழுதியது இதுதான் முதல் தடவை. ஞாயிறு ஓட்டத்தால் பலனில்லை என்று வாரியம் அதை நிறுத்திவிட்டது. பழையபடி ஆறு நாள்.

இருளாயியிடம் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. அவர் தினமும் எட்டரைக்குக் கூப்பிட்டார், மில்லியைச் சொன்னார், வைத்தார். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. சேவுகனுக்குப் பதினாறாம் நாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை நேரிலேயே போனேன். வேண்டுமென்றே திங்கட்கிழமை. பொட்டலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று நினைத்தேன்.

நெடுங்கிடைக்கு முன்னால் ஆறு கிலோமீட்டர் அந்தப் பொட்டல் வழியாகத்தான் சாலை போகிறது. மழை பெய்து புல் முழங்கால் உயரம் நின்றது. ஒரு ஆடு இல்லை, ஒரு ஆள் இல்லை.

இருளாயி பட்டியில் இருந்தார். ஆடுகள் எல்லாம் உள்ளே அடைந்து கிடந்தன. வேலிக்கு வெளியே நின்று இலைக்குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மேய்ச்சலுக்குப் போகலையாக்கா?”

“திங்கக்கெழமயில்ல?” என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல. “திங்க யாரும் இப்பப் போறதில்லம்மா. சுத்துப்பட்டுல ஏழு ஊருலயும் ஆட்ட வெளிய விடுறதில்ல. அவரு போனதுலருந்து.”

“அப்ப பொட்டலுக்கு?”

“செவ்வா, புதன் போவோம்.”

பட்டி வேலி ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வால்வை அடைத்தது, சத்தம், படகு போனது, நான் போனில் சொன்னது, சவேரியார்துறைக்காரர்கள் மூன்று வாரமாகச் சாளையைப் பார்த்துக்கொண்டே கரையில் கிடந்தது, சேவுகனுக்குப் பூசை வைத்தது. இருளாயி குழை ஒடிப்பதை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“நல்ல சனங்க” என்றார், எல்லாம் கேட்டபிறகு. “முகம் தெரியாத ஆளுக்கு யாரு இப்பிடிச் செய்வாக.”

“உங்களுக்காகத்தான்க்கா அவங்க ஞாயித்துக்கெழமை படகைக் கட்டிவெச்சிருக்காங்க. இன்னைக்கு இடி விழாது. சத்தியமா விழாது. நாளைக்குத்தான் விழும், நாளான்னைக்குத்தான் விழும். இப்பவே ஆட்டைத் திறந்து விடுங்க, நான் கூட வர்றேன். ஏழு ஊருக்கும் நானே போய்ச் சொல்றேன்.”

இருளாயி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கும் இப்பிடித்தானம்மா சொன்னீக” என்றார்.

சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அங்கேயே இருந்தேன். மதியம் பெரிய பெரிய மேகங்கள் வந்தன. கருத்தன, நாலு தூறல் போட்டன, கிழக்கே கலைந்து போயின. ஒரு முணுமுணுப்பு இல்லை. நான் வானத்தைக் காட்டினேன். இருளாயியும் நிமிர்ந்து பார்த்தார், சரி என்று தலையாட்டினார், பட்டிப் படலை இன்னும் ஒரு கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். எனக்கு மோர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். முந்தின நாள் விடியலிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு படகும் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தன. ஒரு நாள் ஓய்ந்து கிடந்த கடலில் ஆடை தடித்துப் போயிருக்கும், முதல் நாள் நுரை எப்போதும் அதிகம். அதன் பொடி இன்றைக்கு மதியம் நெடுங்கிடைப் பக்கத்து மேகங்களுக்குப் போய்ச் சேரும். எட்டரைக்குப் போன் வந்தது.

“நெடுங்கிடை. பூச்சியம் புள்ளி ரெண்டு” என்றார் இருளாயி. பின்னால் ஆட்டு மணிகள் கேட்டன. யாரோ யாரையோ சீக்கிரம் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“அக்கா, இன்னைக்கு வேணாம். சொல்றதைக் கேளுங்க, இன்னைக்கு மட்டும் வேணாம்.”

“ஏம்மா, இன்னைக்குச் செவ்வாதான?” என்றார். “நாங்க கெளம்பிட்டோம். ஏழு ஊரு ஆடும் சேந்து போகுது.”